எஸ்டிமேட் சீட்டை நம்பாதே, செல்வி

குஜிலியம்பாறை

அன்பு மகள் செல்விக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். தரைக்கு டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் பில் இல்லாமல் எடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைப்பதாக உன் அப்பா போனில் சொன்னான். உடனே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். பேச ஆரம்பித்தால் குரல் உயர்ந்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வீடு உங்களுடையது, கடனும் உங்களுடையது, முடிவும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். கணக்கை மட்டும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

"பில் போட்டால் 18 பர்சென்ட் சேரும், வேண்டாமென்றால் அதைக் குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த 18 சதவீதமும் அவர் கையிலிருந்து அரசுக்குப் போகப்போகும் பணம் போலத் தோன்றும். அப்படி இல்லை. ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கை அவர் பில்லோடு வாங்கியிருந்தால், அப்போதே 18,000 வரி சேர்த்து 1,18,000 கொடுத்திருக்கிறார். அதை 1,15,000 விலை வைத்து உனக்கு பில்லோடு விற்றால் வரி 20,700, மொத்தம் 1,35,700. ஏற்கெனவே கொடுத்த 18,000-ஐக் கழித்துக்கொண்டு அவர் அரசுக்குக் கட்ட வேண்டியது வெறும் 2,700 ரூபாய்தான். அந்தக் கழிவை வேறு விற்பனையில் தவறாகக் காட்டிக்கொள்ளாதவரை, பில் இல்லாமல் விற்பதால் அந்தச் சரக்கில் அவருக்கு மிச்சமாகும் வரி அவ்வளவே. அப்படியிருக்க, 20,700 ரூபாயையும் தள்ளி 1,15,000-க்குத் தருகிறேன் என்றால், வாங்கிய விலைக்கும் கீழே விற்கிறார் என்றாகிறது. எந்த வியாபாரியும் அப்படி விற்க மாட்டார். ஆக, முதல் விலையையே ஏற்றிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கே ஆரம்பத்திலிருந்து பில் இல்லாமல் வந்திருக்க வேண்டும், அப்போது அது எந்தத் தரம் என்று கேட்க ஆளில்லை. இன்னொரு வழியும் உண்டு: நீ வேண்டாம் என்று விட்ட பில் வேறு யார் பெயரிலோ எழுதப்பட்டு, அவர் அதைக் காட்டி வரியைக் கழித்துக்கொள்வார். மூன்றில் எது நடந்தாலும் லாபம் உன் பக்கம் இல்லை. நாளைக்கு இரண்டு பெட்டி டைல்ஸ் நிறம் மாறி வந்தால், பெட்டியில் அச்சடித்த பேட்ச் எண் இருக்கும். அந்தக் கடையில்தான் வாங்கினாய் என்பதற்கு உன்னிடம் என்ன இருக்கும்? மேலே "எஸ்டிமேட்" என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடையின் வரி எண்கூட இருக்காது.

இதில் எனக்கு இவ்வளவு ஆற்றாமை வருவதற்குக் காரணம் உண்டு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. குடியை நிறுத்துவதற்காக, குடிக்காதவர்களும் உப்பு புளிக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்போம் என்பதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, நடுவில் மூடி 1981-ல் மறுபடி திறந்தது, 2003-லிருந்து டாஸ்மாக் மூலம் அரசே சில்லறையில் விற்கிறது. சாராயத்துக்கு மாற்றாக வந்த வரி, சாராயம் திரும்பி வந்த பிறகும் போகவில்லை. 1959-ல் புதுச் சட்டம், 2007-ல் வாட், 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. என்று பெயரை மாற்றிக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. வேடசந்தூர் பக்கம் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பெண்ணும் மில் முதலாளியும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். அவள் சம்பளம் முழுவதும் கடைக்கே போகிறது, அவருடையதில் பெரும்பங்கு சேமிப்புக்குப் போகிறது. ஆகவே வருமானத்தில் பங்கு பார்த்தால் அவள்தான் அதிகம் கட்டுகிறாள். வரி கட்டுவது சம்பளக்காரர்கள் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இந்த வரியில் பெரும்பகுதி நம் கண்ணில் படுவதே இல்லை. பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்குள் எல்லா வரியும் அடக்கம். பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன. 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தபோது வைத்த வரி 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். டீசலுக்கு 2020-லிருந்து 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். வண்டியே இல்லாதவர்களும் லாரியில் வந்த வெங்காயத்தின் விலையில் அதைக் கட்டுகிறார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் வந்ததும், 26 கிலோ சிப்பம் கடைக்கு வந்ததைப் பார்த்திருப்பாய். ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. ஆனால் மொத்தமாக 26 கிலோ வாங்கப் பணம் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை. ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவர் வரியோடுதான் வாங்க வேண்டும். இப்படி மறைந்து கிடக்கிற வரி தனியாக, ரூபாயும் பைசாவுமாக, பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு என்று நம் கண்ணுக்குத் தெரிகிற இடம் பில் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. வரிக்கு முன் 300 ரூபாய் மூட்டை என்றால் 84 ரூபாய் வரி 54 ஆக இறங்கியிருக்க வேண்டும். கரிக்காலி சிமென்ட் ஆலை நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த முப்பது ரூபாய் தானாக வந்து சேராது. வந்ததா இல்லையா என்று பில் இருந்தால்தான் கேட்க முடியும்.

அரசாங்கம் வீணாக்குகிற பணத்தை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்கிற கேள்வி நியாயம்தான், எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் பில் வாங்காவிட்டால் அந்தப் பணம் ஏழைக்கோ உனக்கோ வருவதில்லை, கல்லாவில் தங்கிவிடுகிறது. வருமானம் குறைந்த அரசும் சும்மா இருப்பதில்லை. 2020 மே மாதம் ஊரடங்கில் வரி வரத்து நின்றபோது, பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 காசும் டீசலுக்கு 2 ரூபாய் 50 காசும் ஏற்றினார்கள். பில்லைத் தவிர்த்துத் தப்பிக்க முடியாத இடத்தில் கை வைத்தார்கள். ஒரு கடையில் தப்பிய வரி, பேருந்துக் கட்டணத்திலும் காய்கறியிலும் ஊரார் தலையில் வந்து விழும்.

சின்னக் கடைக்காரர்களைச் சங்கடப்படுத்த வேண்டுமா என்று நீ யோசிப்பாய், உன் மனசு எனக்குத் தெரியும். வேண்டியதில்லை. சரக்கு விற்பவர் வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் வியாபாரம் செய்தால் பதிவே தேவையில்லை. ஒன்றரைக் கோடி வரை இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர் தம் கையிலிருந்து ஒரு சதவீதம் கட்டிவிட வேண்டும், உன்னிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. சந்தைக் கடையில் யாரும் வரி பில் கேட்கச் சொல்லவில்லை. டைல்ஸ் கடை அந்த வகை இல்லை. அங்கே பில் கேள். 15 எழுத்து வரி எண் 33 என்று தொடங்குகிறதா பார், அதுதான் தமிழ்நாட்டின் எண். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முறையிட 1915 என்ற எண் இருக்கிறது.

என்ன இது, வீடு கட்டுகிற நேரத்தில் பெரியப்பா வகுப்பு எடுக்கிறார் என்று வருத்தப்படாதே கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் இந்த வயதில் சொந்தமாக அஸ்திவாரம் போட்டிருக்கிறீர்கள். நம் குடும்பத்தில் யாருக்கும் இது வாய்க்கவில்லை. எப்படி வாங்கினாலும் என் ஆசீர்வாதத்தில் குறைவு வராது. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டியதில்லை, காட்டினாலும் தப்பில்லை. வெயிலில் நின்று தண்ணீர் அடிக்காதே, அதற்கு ஆள் வைத்துக்கொள். பால் காய்ச்சுகிற அன்றைக்கு விடியும் முன்பே பெரியம்மாவும் நானும் வந்துவிடுவோம். உனக்குப் பிடித்த பிஞ்சு முருங்கைக்காய் ஒரு கட்டு இப்போதே மரத்தில் குறித்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
பெரியப்பா