சைக்கிளின் முன்கவையைத் தேர்ந்தெடுக்கும் முறை

தென் அந்தமானில், சாத்தம் துறையிலிருந்து படகேறிப் பாம்பூஃப்ளாட்டில் இறங்கும் சைக்கிளோட்டிகளுள் பலர், ஹாரியட் மலை என வழங்கப்பெற்று 2021-ஆம் ஆண்டில் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றம் பெற்ற குன்றின்மேல் ஏறுகின்றனர். அதன் உயரம் 350 மீட்டருக்கும் அதிகம். அங்கிருந்து விரைந்து இறங்குகையில் சைக்கிள் நிலைகொள்ளாது அலையுமாயின் உயிருக்கே அபாயம் நேரக்கூடும். அக்குறையை நீக்க, கடைகளில் ‘ஃபோர்க்’ எனப்படும் முன்கவையை மாற்ற எண்ணுவோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

கவையை மாற்றுமுன், தலைக்குழாயின் பேரிங், ரிம், டயர் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் அதே குறை தோன்றும்.

ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டிப் பார்த்தால், அக்கோடு டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே விழும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவைப் பின்தொடர் தூரம் என்போம். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் தன் அச்சுக்குப் பின்னே தொடர்ந்து, செல்லும் திசையில் தானே நேராவது போன்றதே இதுவும். சைக்கிளின் நிலைத்தன்மைக்கு இஃது ஒன்றே காரணம் அன்று என்பதை 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி மெய்ப்பித்தது. எனினும் கவையைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவே தலையாய வழிகாட்டியாகும்.

திரும்பும் அச்சிலிருந்து சக்கரத்தின் அச்சு முன்னே தள்ளி நிற்கும் அளவு முன்வளைவு எனப்படும். சக்கரத்தின் ஆரம் 336 மில்லிமீட்டர், தலைக்குழாயின் சாய்வு 73 பாகை, முன்வளைவு 45 மில்லிமீட்டர் எனக் கொண்டால், பின்தொடர் தூரம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் ஆகும். முன்வளைவு 50 ஆனால் அது 50 ஆகக் குறையும். 40 ஆனால் 61 ஆக உயரும். முன்வளைவு மிகுந்தால் சைக்கிள் நிதானமாகச் செல்லும் எனப் பலர் கருதுவது தவறு. ஏனைய அளவுகள் மாறாதிருப்பின், அது விரைந்து திரும்பும் இயல்பையே தரும். ஆகவே இறக்கத்தில் அலையும் சைக்கிளுக்கு முன்வளைவு சற்றுக் குறைந்த கவையும், திருப்ப மந்தமாயுள்ள சைக்கிளுக்குச் சற்று மிகுந்த கவையும் ஏற்றவை. முன்வளைவைக் குறைத்தால் மிதிக்கும் கால் முன்சக்கரத்தில் இடிக்கக்கூடும். அதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவையின் நீளமும் முக்கியமானது. 10 மில்லிமீட்டர் குட்டையான கவையைப் பொருத்தினால் தலைக்குழாய் ஏறத்தாழ அரைப் பாகை நிமிரும். பின்தொடர் தூரம் மேலும் 3 மில்லிமீட்டர் குறையும். மேற்குழாயின் விட்டம் 25.4 மில்லிமீட்டரா, 28.6 மில்லிமீட்டரா என்பதையும், அதன் நீளத்தையும், பிரேக் எட்டுமா, டயருக்கு இடமிருக்குமா என்பவற்றையும் அளந்தறிதல் அவசியம்.

கடற்காற்றின் உப்பு எஃகுக் கவையை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். ஆதலின் உட்புறம் எண்ணெய் பூசுதல் நன்று. மோதி வளைந்த கவையை நிமிர்த்தி மீண்டும் உபயோகித்தல் கூடாது. கார்பன் கவையில் உட்பிளவு வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். சமதளத்தில் சைக்கிளை நேராக நிறுத்தி, தலைக்குழாயின் பக்கவாட்டில் அதற்கு இணையாக ஒரு நேரான சட்டத்தைப் பிடித்து, அது தரையைத் தொடுமிடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிடுக. பின்னர்ச் சக்கர அச்சிலிருந்து தூக்குநூல் விட்டு மற்றொரு குறியிடுக. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே பின்தொடர் தூரம். பழைய கவையைக் கழற்றுமுன் இதனை அளந்து குறித்துக்கொண்டவர், புதிய கவையைத் தோற்றத்தையோ எடையையோ கண்டு வாங்கி ஏமாறமாட்டார்.