கூடாரத்திற்கு மின்சாரம்: மடிப்புச் சூரியத் தகட்டின் பொருளாதாரம்

பெங்களூரில் உருவான 'ஆப்பிள்' செயற்கைக்கோள் 1981 ஜூன் 19 அன்று செலுத்தப்பட்ட பின், மடித்து வைக்கப்பட்டிருந்த அதன் இரு சூரியத் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. எஞ்சிய ஒன்றைக் கொண்டே அது இரண்டாண்டுகளுக்கு மேல் பணியாற்றியது. அச்செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதித்த புகைப்படத்தை அறிந்தோர் பலர். விரியாத தகட்டை நினைவில் கொண்டோர் சிலரே. மடித்துக் கொண்டுசென்று, வேண்டிய இடத்தில் விரித்து மின்சாரம் பெறும் அம்முறை, இன்று மலையேறுவோரின் தோள்பைக்குள் அடங்கிவிட்டது.

ஆனால், பொழுதுபோக்கிற்காக அன்றி, பிழைப்பிற்காகக் கூடாரத்தில் வாழ்வோரும் பெங்களூரில் உளர். ராய்ச்சூர், யாத்கிர், கலபுரகி போன்ற மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, காலி மனைகளில் நீலத் தார்ப்பாய்க் குடில்களில் தங்குவோர் இவர்கள். வேலை முடிந்தால் குடிலும் இடம்பெயரும். மின்கம்பம் அருகில் இருந்தும் இணைப்பு இல்லை. இவர்களுக்கு மடிப்புத் தகடு பயன்படுமா என்பது ஆராயத்தக்கது.

முதலில் கணக்கு. பெங்களூரில் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேரத்திற்குச் சமமான முழு வெயில் கிடைக்கிறது எனலாம். எனவே 40 வாட் தகடு 200 வாட்-மணி தரவேண்டும். வெப்பம், தூசி, கம்பி, மின்கலம் ஆகியவற்றின் இழப்புப் போக 120 முதல் 140 வரை எஞ்சும். ஐந்து வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிய 25. இரு கைப்பேசிகளுக்குச் சுமார் 30. ஆக 55 போதும். மேகமூட்டமான ஆடி மாதத்திலும் இதனைச் சமாளிக்கலாம். 15 வாட் சிறு மின்விசிறியை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் மட்டும் கணக்கு உதைக்கும்.

தகட்டை விரிப்பதிலும் கவனம் தேவை. பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் தெற்கு நோக்கிய சிறு சாய்வே போதுமானது. தகட்டின் மின்னணுக்கள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டவை. ஆகவே ஒரு மடிப்பில் விழும் கொடிக்கயிற்றுத் துணியின் நிழல்கூட முழுத்தகட்டின் மின்னோட்டத்தையும் குறைத்துவிடும். மடிப்புகள் வெவ்வேறு கோணங்களில் நின்றாலும் இதே விளைவுதான்.

இனி விலை. கண்ணாடித் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் வரை உழைக்கும். மடிப்புத் தகட்டிலோ, மேலுறை வெயிலில் மங்கும். மடிப்போரக் கம்பிகள் அறும். சில ஆண்டுகளே தாங்கும். வாட் ஒன்றுக்கான விலையும் அதிகம். போதாததற்கு, ஆள் இல்லாத குடிலின்மேல் பகல் முழுவதும் விரித்து வைத்தால் மாலையில் தகடு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அப்படியாயின் இடம்பெயர வேண்டியது தகடா, மின்கலமா? 1995-இல் பெங்களூரில் ஹரீஷ் ஹாண்டே (2011-இல் மகசேசே விருது பெற்றவர்) தொடங்கிய செல்கோ நிறுவனத்தின் அனுபவம் இங்கு கருதத்தக்கது. மாதம் 300 ரூபாய் முடியாது, நாளுக்கு 10 ரூபாய் முடியும் என்று தெருவோர வணிகர் ஒருவர் கூறியதை ஹாண்டே எடுத்துரைப்பதுண்டு. இரண்டும் ஒரே தொகைதான். வருமானம் நாள்தோறும் வருகிறவருக்கு அவை ஒன்றல்ல. ஓரிடத்தில் நிலையாகத் தகடுகளை அமைத்து, மின்னேற்றிய மின்கலங்களையும் விளக்குகளையும் மாலையில் வாடகைக்கு விடும் முறை இவ்வனுபவத்தையொட்டியே செயல்பட்டது. முன்பணம் இல்லை, திருட்டு அச்சமும் இல்லை. 84 வாட்-மணி கொண்ட ஈய-அமில மின்கலம் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதே கொள்ளளவுடைய லித்தியம் மின்கலம் ஒரு கிலோ அளவே என்பதால் சுமப்பதும் எளிதாகிவிட்டது.

எனினும் இதற்கும் விலை உண்டு. நாளுக்கு 10 ரூபாய் வாடகையில் 25 வாட்-மணி பெறுபவர், யூனிட் ஒன்றுக்கு 400 ரூபாய் செலுத்துகிறார். 2023-இல் கர்நாடக அரசு தொடங்கிய 'கிருஹ ஜோதி' திட்டம் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமின்றி வழங்குகிறது. ஆனால் அதைப் பெற மின்அளவி இருத்தல் வேண்டும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமன்றி அங்கு குடியிருப்பவர் கோரினாலும் இணைப்பு வழங்கப்பட வேண்டும் என்கிறது. தார்ப்பாய்க் குடிலில் இருப்பவர் குடியிருப்பவரா என்ற கேள்விக்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. அதில் கேட்கப்படுவது முகவரிச் சான்று.