கோலம் போட்டு நிமிரும்போது

அன்புக் கண்ணு கதிருக்கு,

உறையூர் வீட்டில் தங்கித்தான் படிக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஹாஸ்டலுக்கு இது எவ்வளவோ மேல். அம்மாயி கையால் வத்தக்குழம்பு கிடைக்கும், விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுப்பிவிடுகிற தொல்லையும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாயி வாசலில் விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து, குனிந்தபடியே பெரிசாக ஒரு கோலம் போட்டுவிட்டுச் சட்டென்று நிமிர்ந்திருக்கிறாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். கேட்டைப் பிடிக்கக் கை நீட்டி, எட்டாமல், போட்ட கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. "கோலந்தாண்டி கலைஞ்சு போச்சு" என்று ஃபோனில் சிரித்தாள். உன் அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

எலும்பு முறிவு வார்டில் 22 வருஷம் குப்பை கொட்டியவள் நான். இடுப்பெலும்பு முறிந்து வரும் பாட்டிகளிடம் முதலில் கேட்பது, எப்படி விழுந்தீங்க என்றுதான். பால்காரர் மணியடித்தார், குக்கர் நாலாவது விசில் விட்டது, ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தேன், பேரன் தூங்குகிறானே என்று லைட்டுப் போடவில்லை. ஒருத்தராவது மலையேறப் போய் விழுந்ததாகச் சொன்னதில்லை. எல்லாம் நாற்பது வருஷம் நடந்து பழகிய இடம். "இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களா?" என்று அடுத்துக் கேட்பேன். பாட்டி மகளைப் பார்ப்பார். "இல்லைங்க சிஸ்டர், இதுதான் முதல் தடவை" என்று மகள் சொல்வாள். மகள் டீ வாங்கக் கீழே இறங்கியதும் பாட்டி என் கையைச் சுரண்டி இரண்டு விரலைக் காட்டுவார்.

ஏன் மறைக்கிறார்கள் என்கிறாயா? விழுந்தேன் என்று வாயைத் திறந்தால், "இனிமே தனியா இருக்கக் கூடாது" என்று மூட்டை கட்டிக் கூட்டிப்போய்விடுவார்களே என்ற பயம்தான். நான் மட்டும் என்ன யோக்கியம்! போன தை மாசம் மிதியடி சுருண்டு தடுக்கி, கூடத்தில் விழுந்தேன். முழங்கையில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துக் கேட்ட உன் மாமாவிடம் பீரோக் கதவு இடித்துவிட்டது என்று புளுகினேன். "முழங்கைக்குப் பின்னாடி வந்து இடிக்கிற பீரோவா?" என்றான். வார்டில் அத்தனை பேரிடம் உண்மையைக் கறந்தவளுக்கு வீட்டில் ஒரு பொய் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு. அதனால் அடிபடாமல் தப்பித்த அந்த விழுதல் இருக்கிறதே, அதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அவள் வாயாலேயே வரவழைக்கிற பக்குவம் உனக்கு வர வேண்டும். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்த ஒரு வார்த்தையோடு அவள் வாய் அடைத்துவிடும். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேள். எந்த இடம், எத்தனை மணி, தலை சுற்றியதா, கால் வழுக்கியதா, முழங்கால் மடங்கிக்கொண்டதா? தலை சுற்றியது என்றால் ரத்த அழுத்தத்தையும் மாத்திரையையும் பார்க்க வேண்டும், வழுக்கியது என்றால் தரையைப் பார்க்க வேண்டும், மடங்கியது என்றால் தொடைக்கு வலு போதவில்லை.

அம்மாயிக்குத் தலை சுற்றல்தான் என்று என் கணிப்பு. வீட்டில் பி.பி. பார்க்கிற மெஷின் இருக்கிறது, ஷெல்பில் தூசு படிந்து. கொஞ்ச நேரம் படுக்கவைத்து ஒரு தடவை பார். எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் வில்லன். அதற்காக நீயே டாக்டராகி மாத்திரையை நிறுத்திவிடாதே. அளவைக் குறித்துக்கொண்டு, அவள் விழுங்குகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போ. தலையணைக்கு அடியில் இருக்கும் தூக்க மாத்திரையையும் மறக்காதே. கோலத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதே. அவளுக்கு அது உடற்பயிற்சி, பூஜை, தெருவோடு பேச்சு எல்லாமும்தான். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வை. போட்டு முடித்ததும் அதில் உட்கார்ந்து, பத்து எண்ணி, அப்புறம் எழட்டும்.

1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியபோது நான் நர்ஸிங் முடித்த புதிது. வயசானவங்களுக்குத் தனியா ஒரு டாக்டரா என்று எங்கள் விடுதியில் சிரித்தோம். இப்போது எனக்கே அந்த டாக்டர்தான் வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். அந்தப் பழைய சிவப்புத் தரை ஒன்றும் செய்யாது. உன் அப்பா ஆசையாகப் போட்டுக்கொடுத்த பாத்ரூம் டைல்ஸ்தான் எமன். முகம் பார்க்கலாம், கால் வைக்க முடியாது. எண்ணெய்க் குளியல் அன்று இன்னும் மோசம். அவள் குளித்து வந்ததும் சீயக்காய்த் தூளையோ சோப்புத் தூளையோ போட்டு நீயே தேய்த்துக் கழுவிவிடு. பழைய பிளாஸ்டிக் மிதியடியைத் தூக்கி எறி. குளிக்க உட்கார ஒரு கனமான முக்காலி போடு. துண்டு காயப்போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுகிறாள், பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பி துண்டுக்கு உண்டானது. ஆள் பாரம் விழுந்தால் திருகாணியோடு கையில் வந்துவிடும். உள்ளே தாழ்ப்பாள் போடாமல் இருக்கப் பழக்கு. கதவில் துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறது என்று இருவருக்குள் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றக் கதவை உடைத்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

அடுத்தது நீ. கோபிக்காதே. புத்தகப் பையை நிலைப்படியில் கழற்றிப் போடுகிறவன் நீ. உன் சார்ஜர் ஒயர் கட்டிலிலிருந்து சுவர் வரைக்கும் துணிக்கொடி மாதிரி தொங்கும். ஈரக் காலோடு கூடம் முழுக்க நடப்பாய். இருபது வயதில் அதெல்லாம் தாண்டிப் போகிற விஷயம். எழுபத்தெட்டில், கண்ணில் புரையோடு, ராத்திரி இரண்டு மணிக்கு, அந்த ஒயர் அவள் கண்ணுக்குத் தெரியாது. அவள் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் விடிவிளக்கு எரியட்டும். கரண்டு பில் நான் கட்டுகிறேன்.

சாயங்காலம் ஒரு விளையாட்டு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். உன் ஃபோனில் நேரம் பார். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், கால் தளர்ந்திருக்கிறது, விழ வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள். தினமும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லு. நீயும் கூடவே செய். தனியாகச் செய்யச் சொன்னால் சாக்குச் சொல்வாள், பேரனோடு போட்டி என்றால் விடமாட்டாள்.

அப்படியும் விழுந்துவிட்டால், பதறி ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதே. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அசைக்காமல் 108க்குக் கூப்பிடு. தலையில் பட்டிருந்தால், அவள் "எனக்கொண்ணுமில்ல" என்று எழுந்து காபி போட்டாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை அவளுக்கு உண்டு. தலைக்குள் கசிவது வெளியே தெரியாது.

பாத்ரூமில் இரண்டு கைப்பிடி போடப் பணம் அனுப்பியிருக்கிறேன். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் நன்றாக இறங்கும்படி போல்ட் போடச் சொல். "எனக்கென்ன கைப்பிடி, நான் என்ன கிழவியா" என்று அம்மாயி சண்டைக்கு வருவாள். பொங்கலுக்குச் சின்ன அம்மாயி வருகிறாள், அவளுக்குத்தான் கால் நிதானமில்லை, அவளுக்காகப் போடுகிறோம் என்று சொல்லிவிடு. நான் வந்து இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டு நடித்தும் காட்டுகிறேன்.

உன்,
சின்ன அம்மாயி