பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?

வெயில் வந்தாச்சுன்னா வடபழனி ரோட்டோரத்தில் மண்பானை வாங்கக் கூட்டம்தான். கரண்ட் இல்லாமலே தண்ணீர் எப்படி ஜில்லுன்னு ஆகுது?

சுட்ட மண்ணில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் ஏராளம். பெரிய ஓட்டை என்றால் தண்ணீர் ஒழுகிவிடும். நுண்துளையிலோ, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, தண்ணீர் துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வெளியே கசியும். அந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் பானைக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க. துளை அடைபட்டால் குளிர்ச்சியும் போச்சு!

ஒன்றை மறக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. குளிர்ச்சியில் கிருமி சாகாது. தண்ணீரைத் தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்க வைத்து, ஆறவைத்து, கழுவிய பானையில் ஊற்றி மூடி வையுங்கள். உள்ளே கை படாமல் நீளக் கைப்பிடிக் கரண்டியால் மொண்டு எடுங்கள்.