கலைப் பட்டறையில் அறிவியல்: நீங்கள் போன பிறகு நடப்பவை



உங்களில் சிலர் உயர்நிலைப்பள்ளியை முடித்ததும் நன்யாங் நுண்கலைக் கழகத்திலோ லசால் கலைக் கல்லூரியிலோ சேர எண்ணியிருக்கலாம். மற்றவர்களும் பள்ளிக் கலை அறையில் களிமண்ணைப் பிசைந்திருப்பீர்கள். இத்தகைய பட்டறைகள் பலருக்கும் பொதுவானவை. காலையில் ஒரு வகுப்பு, பிற்பகலில் இன்னொரு வகுப்பு. எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே சூளை, ஒரே குப்பைத் தொட்டி.

அங்கே சுவரில் சில விதிகள் ஒட்டப்பட்டிருக்கும். ஈரமான பாத்திரத்தைச் சூளையில் வைக்காதீர். உலர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர். எண்ணெய்த் துணியைக் குப்பையில் போடாதீர். இவை வெறும் கண்டிப்பு அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் நீங்கள் படிக்கும் அறிவியல் இருக்கிறது. நாம் கதவைச் சாத்திவிட்டுப் போனாலும் நாம் விட்டுவந்த பொருள்களில் மாற்றங்கள் நடந்துகொண்டே இருக்கும் என்பதையே மூன்று விதிகளும் சொல்கின்றன.

1. சூளையில் ஒரு துளி ஈரம்

களிமண் பாத்திரம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் தடித்த அடிப்பகுதிக்குள் ஈரம் மிச்சமிருக்கலாம். சூளை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த நீர் ஆவியாகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 1 மில்லிலிட்டர் நீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் நீராவியாகும். அதாவது, சுமார் 1,700 மடங்கு. வெப்பம் மெதுவாக ஏறினால் ஆவி மண்ணின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். வேகமாக ஏறினால் வெளியேற நேரமின்றி உள்ளே அழுத்தம் கூடிப் பாத்திரம் வெடிக்கும்.

மண்ணுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிதான் வெடிப்புக்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் ஈரம்தான். வெடித்த துண்டுகள் அதே தட்டில் இருக்கும் மற்றவர்களின் பாத்திரங்கள்மீதும் பாயும். ஒருவரின் அவசரத்தால் இன்னொரு மாணவரின் பல வார உழைப்பு வீணாகலாம்.

சூளை அணைந்தவுடன் திறந்து பார்க்கும் ஆசையும் இப்படித்தான். குளிர்காற்று பட்டால் பாத்திரத்தின் வெளிப்புறம் உட்புறத்தைவிட வேகமாகச் சுருங்கும். விரிசல் விழும். உங்கள் பாத்திரத்தில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் எல்லாவற்றிலும்.

2. கண்ணுக்குத் தெரியாத தூசி

களிமண்ணில் சிலிக்காத் துகள்கள் உண்டு. அவற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்புகள் ஏற்படும். இந்நோயின் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பான பகுதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். துகள் 1.5 மீட்டர் உயரத்தில், அசைவற்ற காற்றில் இருக்கிறது என்று கொள்வோம். அதன் விட்டம் 100 மைக்ரோமீட்டர் என்றால் சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரோமீட்டர் என்றால் சுமார் 12 நிமிடம். 1 மைக்ரோமீட்டர் என்றால் ஏறத்தாழ 5 மணி நேரம்! நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை இந்த மிகச் சிறிய துகள்கள்தான்.

காலை 10 மணிக்கு நீங்கள் துடைப்பத்தால் பெருக்கினால், தரை சுத்தமாகத் தெரியும். ஆனால் பிற்பகல் 2 மணி வகுப்பினர் அந்தத் தூசியைச் சுவாசிப்பார்கள். ஒரு நாள் பெருக்கியதால் யாருக்கும் இந்நோய் வந்துவிடாது. ஆனால் நாள்தோறும் அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியர், பட்டறை உதவியாளர், துப்புரவாளர் ஆகியோரை நினைத்துப் பாருங்கள். எல்லா வகுப்புகளின் தூசியும் அவர்களிடம்தான் சேர்கிறது. ஈரப் பஞ்சினால் துடைத்தால் துகள்கள் நீரில் ஒட்டிக்கொள்ளும், காற்றில் எழும்பாது.

3. தானே சூடாகும் துணி

எண்ணெய் ஓவியத்தில் பயன்படும் ஆளிவிதை எண்ணெய், நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து கெட்டியாகிறது. இது வெப்ப உமிழ் வினை. துணியை விரித்துக் காயவைத்தால் வெப்பம் காற்றில் கலந்துவிடும். கசக்கிக் குப்பையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே தங்கும். வெப்பநிலை உயர்ந்தால் வினை வேகமாகும். வினை வேகமானால் வெப்பம் இன்னும் கூடும். சில மணி நேரத்தில், தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளலாம்.

இது நடந்திருக்கிறது. 1991 பிப்ரவரி 23ஆம் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடி அலுவலகக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. மரவேலைப்பாடுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய பணியாளர்கள் விட்டுச்சென்ற துணிகளிலிருந்தே தீ தொடங்கியது. அது சனிக்கிழமை இரவு. தீயணைக்கச் சென்ற வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். தானியங்கி நீர்தெளிப்பான்கள் இருந்த 30ஆம் மாடியை எட்டியபோதுதான் தீ அடங்கியது.

அதனால்தான் பட்டறைகளில் எண்ணெய்த் துணிக்கென்று மூடியுள்ள உலோகத் தொட்டி வைக்கிறார்கள். மூடியிருந்தால் ஆக்சிஜன் வரத்து குறையும். உலோகம் எரியாது. தொட்டியை நாள்தோறும் காலி செய்ய வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே எடையுள்ள இரண்டு களிமண் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மெல்லிய தகடாகத் தட்டுங்கள். மற்றொன்றை உருண்டையாக்குங்கள். இரண்டையும் நிழலில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடைபோட்டு அட்டவணையில் குறியுங்கள். எடை குறைவது நின்றால், அந்த அறையின் காற்றில் காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள். எது முதலில் நிற்கிறது? மழை நாளில் வேகம் மாறுகிறதா? நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதை மனத்தில் வைத்து விடை தேடுங்கள்.

சிந்தியுங்கள்

எடை குறைவது நின்ற உருண்டையிலும் சிறிது ஈரம் மிச்சமிருக்கும். அதனால் மட்பாண்டக் கலைஞர்கள் சூளையை 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகே மேலும் சூடாக்குவார்கள். ஏன் 100 டிகிரிக்குக் கீழே? முதல் பகுதியை மீண்டும் படித்துவிட்டு, உங்கள் விடையை இரண்டு வாக்கியங்களில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.