வலை வீசுவோரும் வலைப்பட்டோரே

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் உளர். சென்ற ஆண்டு அவர் கைப்பேசிக்கு, முன்பின் அறியாத ஒரு மங்கையின் பெயரால் நலம் வினவும் செய்தியொன்று வந்தது. இரண்டு திங்கள் நட்பு வளர்ந்தது. பின்னர் முதலீட்டுப் பேச்சு எழுந்தது. முடிவில் அவர் சேமிப்பிற் பெரும்பகுதி போயிற்று. அச்செய்திகளை எழுதிய கையைச் சபித்தவர்களுள் யானும் ஒருவன். அக்கை எத்தகையோருடையதாயிருக்கலாம் என்று ஆராயப் புகுந்தபின் என் சாபம் தடுமாறுகின்றது. அத்தடுமாற்றமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இம்மோசடிக்குச் சீனமொழியில் 'பன்றியறுத்தல்' என்னும் பொருளுடைய பெயர் வழங்குகின்றது. தீனியிட்டுக் கொழுக்கவைத்துப் பின் கழுத்திற் கத்தி வைப்பதுபோல, இன்சொல்லாலும் சிறு இலாபத்தாலும் நம்பச்செய்து பின்பு உள்ளதெல்லாம் கவர்தலின் அப்பெயர் வந்தது. இத்தொழில் பெருகிய இடங்களுள் இரண்டை மட்டும் ஈண்டுக் குறிப்பேன். ஒன்று, கம்போடியாவின் கடற்கரை நகராகிய சிஹானூக்வில். ஆங்குச் சூதாட்ட மாளிகைகள் மலிந்திருந்தன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டரசு இணையச் சூதாட்டத்திற்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்து சூதாட வருவோரையும் நிறுத்தியது. வெறிச்சோடிய மாளிகைகள் பல மோசடிக் கூடங்களாயின. மற்றொன்று, மியான்மாவின் கீழெல்லையில் உள்ள மியாவாடிப் பகுதி. தாய்லாந்தின் மே சோத் நகருக்கும் அதற்கும் இடையே மோயி என்னும் ஆறு ஓடுகின்றது. அக்கரையில் கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ என்னும் பெயர்களுடைய பெருவளாகங்கள் எழுந்தன. 2021இல் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபின் நேர்ந்த உள்நாட்டுப் போரில், ஆயுதந்தாங்கிய குழுவினரின் காவலில் அவை செழித்தன. மியான்மாவில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இத்தொழிலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் அறிவித்தது.

இவர்கள் யாவர்? முற்காலத்து அடிமை வாணிகர் எழுத்தறியா ஏழைகளைத் தேடினர். இக்காலத்தவரோ ஆங்கிலமும் கணிப்பொறியும் அறிந்த இளைஞரைத் தேடுகின்றனர். நண்பர்காள், நம்மையே தேடுகின்றனர்! பாங்காக்கில் அலுவலக வேலை, நல்ல ஊதியம், உணவும் உறையுளும் இலவசம் என்று விளம்பரம் வரும். சுற்றுலா விசாவில் விமானமேற்றுவர். இறங்கியவுடன் காரிலேற்றி நெடுந்தொலைவு கொண்டுசென்று இரவில் ஆற்றைக் கடத்துவர். அக்கரை சேர்ந்தபின் பாஸ்போர்ட் கையில் இராது. நாள்தோறும் பன்னிரண்டு மணிக்கும் மேலாகப் பொய்ப்பெயரில் அன்பொழுக எழுதவேண்டும். குறித்த தொகை கிடையாதாயின் அடியும் மின்னதிர்ச்சியும் இருட்டறையும் உண்டு. வெளியேற விரும்பின் ஆயிரக்கணக்கான டாலர் மீட்புப்பணம் கேட்பர். அஃதில்லாதாரை வேறொரு கூடத்திற்கு விற்பதும் உண்டு. விற்ற விலையும் அவர் தலையிலேயே கடனாக ஏறும். 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீண்டோருள் பதின்மூவர் நம் தமிழ்நாட்டினர்.

இவ்விடத்தில் தமிழ் மாணவனாகிய எனக்கு ஒரு பழஞ்சொல் நினைவுக்கு வருகின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம்மவரைக் கங்காணிகள் கொண்டுசென்ற காலத்தில், வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்தார்க்கு அவரை விட்டுக்கொடுப்பதாக எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு துண்டுத் தாளில் ஒரு குடும்பம் கைமாறியது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தது என்று படித்ததை மியாவாடிச் செய்தி வந்தபின் ஐயுறுகிறேன். சேக்கிழார் கூறும் ஆளோலையும் உடன் நினைவுக்கு வருகின்றது. சுந்தரர் கைக்கெட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழவரோ மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையின்முன் காட்டி வழக்கை வென்றார். அங்கு ஆண்டவன் இறைவனாகலின் அக்கதை வேறு. ஆயினும் ஒன்று கருதத்தக்கது: அவ்வடிமைக்கு ஓர் ஓலையும், அதனை ஆராய ஓர் அவையும் இருந்தன. மோயி ஆற்றங்கரையில் இரண்டும் இல்லை.

நிற்க. வலைப்பட்டோர் தாமும் பிறரை வஞ்சித்தாரன்றோ? அவர்க்குக் குற்றமில்லையோ? 1930இல் சர்வதேசத் தொழிலமைப்பு இயற்றிய உடன்படிக்கை, தண்டனையின் அச்சுறுத்தலால் வாங்கப்படுவதும் ஒருவர் தாமே விரும்பி முன்வந்து செய்யாததுமாகிய வேலையைக் கட்டாய உழைப்பு என்கிறது. (பணமோசடிக்கு ஆளானோர் நம் நாட்டில் உடனே அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணும் 1930 ஆயிருத்தல் தற்செயலே.) வஞ்சனையாற் பெற்ற இசைவு இசைவாகாது என்பது ஆட்கடத்தல் பற்றி ஐக்கிய நாடுகள் 2000இல் ஏற்ற நெறிமுறையின் கருத்து. ஆனால் நடைமுறை அவ்வளவு தெளிவாக இல்லை. அறிந்தே சென்றோரும் உளர். தாம் விடுதலை பெறவோ தரகு பெறவோ தம் ஊராரை அழைத்துக் கொடுத்தோரும் உளர். எல்லாரையும் ஒருங்கே குற்றமற்றவர் என்றல் உபாத்தியாயர் போன்றோர்க்கு அநீதி. எல்லாரையும் ஒருங்கே கள்வர் என்றல் அதனினும் எளிதான அநீதி. 'என் செய்தாய்?' என்று கேட்குமுன் 'வாயில் திறந்திருந்ததா?' என்று கேட்பதே முறை என்பது என் துணிபு.

2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லை கடந்து செல்லும் மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் ஐந்து இடங்களுக்கு நிறுத்தியது. ஏறத்தாழ ஏழாயிரவர் வெளிவந்தனர். அடுத்த மாதத்தில் நம் விமானப்படை விமானங்கள் இருமுறையாக 549 இந்தியரைக் கொணர்ந்தன. ஆயினும் கூடங்கள் மின்னாக்கிகளாலும் வான்வழி இணையக் கருவிகளாலும் இயங்கின. அக்டோபரில் மியான்மாப் படையினர் கே.கே. பார்க்கினுள் புகுந்தபோது, ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து ஓடிவந்தனர். கட்டடங்களை இடிப்பது எளிது. அவற்றிற் புழங்கிய பணத்தின் வழியை அடைப்பது அரிது. ஆதலின் வேலை தேடுவோரே விழிப்பாயிருத்தல் வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைக்கும் முகவர் எத்துணை இனியராயினும், அவர் பதிவுபெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்திற் பார்த்தபின்னரே பெட்டி கட்டுக.

இவற்றையெல்லாம் உபாத்தியாயரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு கைப்பேசியை எடுத்துப் பழைய செய்திகளைக் காட்டினார். ஒரு நாளும் விடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, கிறிஸ்துமஸ் நாளும் இல்லை. ஐந்தாம் வாரத்தில் நடை மாறியிருந்தது. அதுகாறும் சிறுசிறு பிழைகளோடு எழுதிய கை பிழையின்றி எழுதத் தொடங்கியிருந்தது. 'இது வேறு ஆள், தம்பி. முதலில் எழுதிய பிள்ளை என்ன ஆயிற்று?' என்று அவர் என்னை வினவினார்.