கேணி கடற்கரையில், ஊற்று தோட்டங்களில்

அன்புள்ள பெறாமகளுக்கு,

கீரிமலைக் கேணியைத் துப்புரவு செய்யத் தோழிகளோடு போகப்போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. போய்வாருங்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அந்த நீரைக் காக்கவேண்டிய இடம் கேணிக்கரை மட்டுமல்ல.

அந்தக் கேணியில் நீராடிக் கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரின் கதையையும், குதிரைமுகம் மாறிய மாருதப்புரவீகவல்லியின் கதையையும் அப்பம்மா உனக்குச் சொல்லியிருப்பா. ஆடி அமாவாசையில் தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் கழித்து நீராடுவதும் அங்கேதான். பக்கத்திலுள்ள நகுலேசுவரக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் முயற்சியால் அது மறுபடி எழுந்தது. 1990இல் போரில் சிதைந்தது. அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, சனம் ஆண்டுக்கணக்காகக் கால்வைக்க முடியாதிருந்தது. போர் ஓய்ந்தபின் கோயிலை மீண்டும் கட்டினோம். இடிந்த கோயிலைக் கட்டலாம், பிள்ளை. பழுதான ஊற்றைக் கட்ட எந்த மேசனாலும் முடியாது.

அந்த ஊற்று எங்கிருந்து வருகிறதென்று அறிய உங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் குனிந்து பார். மேலே செம்மண்; அதன்கீழ் பொந்தும் வெடிப்புமாக வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் மண்ணில் சுவறி, அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலை நோக்கி நகர்கிறது. கீரிமலையில் அலையடிக்கும் கரைக்குப் பக்கத்திலேயே நன்னீராக வெளியே வருகிறது.

நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அளவில்லாமல் இறைத்தால் மேலே குறைவது கொஞ்சம். கீழிருந்து ஏறும் உவர் அதிகம்.

செம்மண் ஆழமில்லை, வெடித்த கல் அழுக்கை வடிகட்டாது. தோட்டத்தில் கூடிப்போன யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்துவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் பல. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதியில் ஒட்சிசன் குறைந்து கைக்குழந்தை நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊர் பட்ட பாடும் உனக்குத் தெரியும்.

ஆகையால் துப்புரவை ஒரு நாளோடு விட்டுவிடாதே. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கிணற்று நீரை மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதிப்பித்து, முடிவை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது, அடித்தளம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பாழ்கிணற்றில் குப்பை கொட்டுபவரிடம், அது பக்கத்து வீட்டுக் குடிநீர் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஊர்க்குளத்தை மண்போட்டு நிரப்ப வந்தால் பிரதேச சபையில் எழுத்தில் முறையிடுங்கள். மழை நிலத்துக்குள் இறங்குகிற இடம் அது. தோட்டக்காரரோடு சண்டைக்குப் போகாதே. அளவறிந்து பசளை போட்டால் அவருக்கும் காசு மிச்சம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டு.

இதில் படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை, பாராட்டும் கிடைக்காது. ஆனாலும் கீரிமலையைக் காக்கிற வேலை இதுதான். முதல் பரிசோதனை உங்கள் வீட்டுக் கிணற்றில் நடக்கட்டும். முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு. அடுத்து என்ன செய்வதென்று இருந்து யோசிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா